பன்றி வேட்டை நாயைத் தூரம் போகப் பழக்குவது: மூத்த நாயா, தனிமையா, வண்டியா, கழுத்துக் காலரா?

"நாய்க்கு மூக்கு இருக்கிறது, துணிச்சல் இருக்கிறது, ஆனால் என்னை விட்டு நகர மாட்டேன் என்கிறது." டெக்சஸில் பன்றி வேட்டைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒருவராவது இதைச் சொல்லிவிடுவார். நாய் 150 மீட்டர் போகும், நின்று திரும்பிப் பார்க்கும், ஓடி வந்து காலருகே நிற்கும். பன்றிக் கூட்டமோ அந்த நேரத்தில் ஒரு கிலோமீட்டர் தள்ளி ஓடைப் பள்ளத்துச் சேற்றில் படுத்திருக்கும்.

பிராசோஸ் ஆற்றுப் படுகையில் ஒரு நண்பரின் பண்ணை இருக்கிறது. ஆறு வருடமாக அங்கே போய் வருகிறேன். என் செவலை, பிளாக் மவுத் கர் இனத்துப் பெட்டை. உடம்பெல்லாம் செம்மண் நிறம், மூஞ்சி மட்டும் கரி பூசியதுபோல் இருக்கும். முதல் ஒன்றரை வருடம் அவளும் அந்த 150 மீட்டர் நாயாகத்தான் இருந்தாள். அவளைத் தூரம் போக வைக்க எல்லோரும் சொல்லும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்கிறது. தவறான வழியைப் பிடித்தால் ஒரு வருடம் வீணாகும், சில சமயம் நாயே கெட்டுப்போகும்.

பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1539-ல் ஸ்பெயின் நாட்டுப் படைத்தலைவர் ஹெர்னாண்டோ டி சோட்டோ ஃபுளோரிடாவில் இறங்கியபோது பன்றிகளையும் கூட்டி வந்தார். அவற்றின் வழியில் வந்தவை, பின்னால் வந்த குடியேறிகள் அவிழ்த்துவிட்ட பண்ணைப் பன்றிகள், வேட்டைக்கென்று இறக்கிய ஐரோப்பியக் காட்டுப்பன்றிகள் எல்லாம் கலந்து பெருகியவைதான் இன்று அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் பயிரை அழிப்பவை. ஒரு கூட்டம் ஒரே ராத்திரியில் சோளக்காட்டை ஏர் ஓட்டியதுபோல் கிளறிப் போட்டுவிடும். டெக்சஸில் தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதித்தால், இவற்றை வேட்டையாட 2019 செப்டம்பரிலிருந்து உரிமமே தேவையில்லை. நம் ஊரில் நிலைமை வேறு. அங்கே காட்டுப்பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விலங்கு. ராஜபாளையம் நாய் வைத்திருக்கிறோமே என்று யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

இங்கே டெக்சஸில் நாய்களுக்கு வேலை இரண்டு வகை. பன்றியைத் தேடிக் கண்டுபிடித்து, சுற்றிச் சுற்றிக் குரைத்து, நகர விடாமல் நிறுத்துவது 'பே டாக்'. ஆள் பக்கத்தில் போன பிறகு அவிழ்த்துவிட, பாய்ந்து காதைக் கவ்விப் பிடிப்பது 'கேட்ச் டாக்'. பெரும்பாலும் அமெரிக்கன் புல்டாக், பிட்புல் மாதிரி. தூரம் போகும் பேச்சு முழுக்க பே டாக்கைப் பற்றியதுதான். கேட்ச் டாக் கயிற்றில் நம்மோடு வந்தால் போதும்.

பிறவியில் வருவது

பயிற்சிக்கு முன்னால் பார்க்க வேண்டியது பரம்பரை. தாயும் தகப்பனும் 200 மீட்டரில் வட்டமடிக்கும் நாய்கள் என்றால் குட்டியைக் கிலோமீட்டர் கணக்கில் அனுப்பும் ஆசையை விட்டுவிடுவது நல்லது. லூசியானா 1979-ல் மாநில நாயாக அறிவித்த கட்டஹூலா, டெக்சஸ் 2005-ல் அறிவித்த புளூ லேசி, கர் வகைகள், பிளாட் ஹவுண்ட் எல்லாவற்றிலும் கிட்ட வேட்டையாடும் வழியும் உண்டு, எட்டப் போகும் வழியும் உண்டு. இனத்தின் பெயரைக் கேட்டு வாங்காமல், பெற்றோர் வேட்டையாடுவதை ஒருமுறை கூடப் போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஹவுண்டுக்கும் கர்ருக்கும் ஒரு வித்தியாசம் முக்கியம். ஹவுண்ட் தடம் பிடித்ததுமே கத்திக்கொண்டு ஓடும். எங்கே போகிறது என்று நமக்குக் கேட்கும், பன்றிக்கும் கேட்கும். கர் வகைகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் ஓடி, பன்றியின் முகத்துக்கு நேரே போய்த்தான் வாயைத் திறக்கும். நாய் எட்டப் போகப் போக இந்த மௌனத்துக்கு மதிப்பு கூடுகிறது. என் ஓட்டு கர் நாய்க்குத்தான்.

மூத்த நாயோடு விடுவது

இதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. எட்டப் போகும் பழைய நாய் ஒன்றோடு இளையதை அவிழ்த்துவிட்டால் பார்த்துப் பழகிவிடும். சீக்கிரம் பலன் தெரியும். நண்பரின் பத்து வயது கட்டஹூலாவோடு செவலையை விட்ட மூன்றாவது வாரமே, ஜிபிஎஸ் காலர் நாயின் இடத்தைக் காட்டும் திரையில் இரண்டு அம்புக்குறிகளும் 900 மீட்டரில் நின்றன. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அப்புறம் ஒருநாள் அந்தக் கட்டஹூலா காலில் முள் ஏறி வீட்டில் தங்கிவிட்டது. செவலையை மட்டும் விட்டோம். 150 மீட்டர் போனாள், திரும்பி வந்து என் முழங்காலில் மூஞ்சியைத் தேய்த்தாள். அதற்குப் பிறகுதான் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லா ஓட்டத்திலும் அவளுடைய கோடு கட்டஹூலாவின் கோட்டுக்கு இருபது மீட்டர் பின்னால்தான் போயிருக்கிறது. அவள் பன்றியைத் தேடவே இல்லை. இன்னொரு நாயைப் பின்தொடரக் கற்றிருக்கிறாள்.

அதற்காக இந்த வழியே தப்பு என்று சொல்ல மாட்டேன். குரைத்து நிறுத்துவது எப்படி, ஆண்பன்றியின் தந்தத்துக்கு எத்தனை அடி தள்ளி நிற்பது என்பதையெல்லாம் மூத்த நாய் அளவுக்குச் சொல்லித்தர மனிதனால் ஆகாது. எட்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை, ஐந்தாறு வேட்டைக்கு விடலாம். அதோடு பிரித்துவிட வேண்டும்.

தனியாக விட்டு, சும்மா உட்காருவது

எனக்குப் பலித்தது இதுதான். மிகவும் மெதுவான வழியும் இதுதான்.

கட்டஹூலாவை விட்டுப் பிரித்த பிறகு நண்பர் என்னைக் கவனித்தார். நாயை அவிழ்த்துவிட்டு நான் பின்னாலேயே நடக்கிறேன், "தேடு, தேடு" என்று குரல் கொடுக்கிறேன், அவள் வந்தால் தலையைத் தடவுகிறேன். இந்த மூன்றுமே அவளைக் கட்டிப்போடும் கயிறு என்றார் அவர். நான் நடந்தால், நான் போகும் திசையில்தான் பன்றி இருக்கிறது என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். நான் பேசினால் எங்கே இருக்கிறேன் என்று காது வைத்துக்கொண்டே தேடுகிறாள். தடவினால் திரும்பி வருவதற்குக் கூலி கிடைத்துவிடுகிறது.

அடுத்த முறை அவர் சொன்னபடி செய்தேன். பெக்கான் மரத்தடியில் வண்டியை நிறுத்தினோம், பின்கதவை இறக்கி அதன்மேல் உட்கார்ந்தோம், காற்று எதிரே வீசும் பக்கமாக அவளை அவிழ்த்துவிட்டோம். நாலு நிமிடத்தில் வந்துவிட்டாள். வாலை ஆட்டி, முழங்காலில் மூஞ்சியை வைத்து, அண்ணாந்து பார்த்தாள். என் கை தானாகவே தூக்கிக்கொண்டு போனது. "கையைப் பைக்குள் வை. அவள் கண்ணைப் பார்க்காதே" என்றார். வைத்தேன். அரை நிமிடம் நின்றாள், ஒரு பெருமூச்சு விட்டுப் போனாள். மறுபடி வந்தாள், மறுபடி அதேதான். அன்றைக்கு இரண்டு மணி நேரத்தில் ஒன்பது முறை வந்தாள். அடுத்த வாரம் ஆறு முறை. ஐந்தாவது வாரம் போனவள் இருபது நிமிடம் திரும்பவில்லை. திரையில் 210 மீட்டர், 340, 600 என்று எண் ஏறியது. 870-ல் நின்றது. காதைக் கூர்ந்து கேட்டால் காற்றோடு குரைப்பு வந்தது, ஒரே தாளத்தில், நிற்காமல். நண்பர் எழுந்து கேட்ச் டாக்கின் கயிற்றை எடுத்தார். நாங்கள் போய்ச் சேரும்வரை செவலை அந்தப் பன்றியை ஒரு மரவேருக்குள் நிறுத்தி வைத்திருந்தாள்.

அங்கே போனதும் அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். கொஞ்சல் பன்றி இருக்கும் இடத்தில் கிடைக்க வேண்டும், வண்டியடியில் கிடைக்கக் கூடாது. இந்த முறையின் சூட்சுமம் முழுக்க அதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது பன்றி எவ்வளவு இருக்கிறது என்பது. மொய்க்கும் நிலத்தில் 100 மீட்டரிலேயே கிடைத்துவிடும். நாய் ஏன் தூரம் போக வேண்டும்? அறவே இல்லாத நிலத்தில் நாலு முறை வெறுங்கையாகத் திரும்பினால் நாய்க்கு நம்பிக்கை போய்விடும். தேடினால் கிடைக்கும், ஆனால் தேட வேண்டும் என்கிற அளவுக்குப் பன்றி உள்ள நிலம் வேண்டும். இடத்தையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் வயது. பத்து மாதக் குட்டியிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒன்றரை, இரண்டு வயதில்தான் தனியாகப் போகும் தைரியம் வருகிறது.

வண்டி, குதிரை

நிலம் பெரிதாக இருந்தால் வண்டியை மெதுவாக ஓட்டி, முன்னால் நாயை ஓடவிடுவார்கள். நாம் நகரும் வேகத்துக்கு ஏற்ப நாயின் வட்டமும் பெரிதாகிறது. நடக்கும்போது 150 மீட்டர் போகிற நாய், குதிரைக்கு முன்னால் 400 மீட்டர் போகும். நாய்க்கு உடல் வலுவும் ஏறும். ஆனால் வண்டி நின்றால் வட்டமும் சுருங்கிவிடுகிறது. இது தூரத்தை இரவல் தருகிறதே தவிர நாய்க்குள் ஊற வைப்பதில்லை.

இன்னொரு வகை 'ரிக் டாக்'. பிக்கப்பின் நாய்ப்பெட்டி மேல் நின்று, காற்றிலேயே பன்றி வாடை பிடித்துக் குரல் கொடுக்கும் நாய். அது இறங்கினால் வாடை வந்த இடத்துக்கு நேராகப் போகும், சுற்றித் தேடி நேரம் கழிக்காது. மூக்கை உயர்த்திக் காற்றில் மணம் பிடிக்கும் பழக்கம் உள்ள நாய்க்கு அருமையான வழி. தரையோடு தரையாகத் தடம் பிடிக்கும் நாயை மேலே ஏற்றி வைத்தால் வேடிக்கைதான் பார்க்கும்.

கூண்டுப் பன்றி

பண்ணைகளில் பன்றி பிடிக்கக் கம்பிக் கூண்டு வைத்திருப்பார்கள். பன்றி மாட்டியிருக்கும் அன்றைக்கு, காற்று அங்கிருந்து நம் பக்கம் வீசும்படி 300 மீட்டர் தள்ளி நாயை விடுவது, அடுத்த முறை 500. தூரத்தில் பன்றி கிடைக்கும் என்ற எண்ணம் நாய்க்குச் சீக்கிரம் பதிகிறது. கம்பி நடுவில் இருப்பதால் இளம் நாய் கிழிபடாது. இரண்டு முறை நடத்தினால் நல்லது. மூன்றாவது முறை மூக்கை உபயோகிக்காமல் நினைவில் வைத்து நேராகக் கூண்டுக்கு ஓடும். அடைப்புக்குள் பன்றியை விட்டுக் குரைக்கப் பழக்குவார்களே, அது வேறு சங்கதி. அங்கே குரைக்கப் பழகும், தூரத்துக்கு அதில் ஒன்றும் இல்லை.

காலர்

மின் அதிர்வு காலரால் நாயைத் தூரம் அனுப்ப முடியும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். நம் கால் அருகே வந்ததும் அதிர்வு கொடுத்தால், ஆள் பக்கத்தில் வந்தால் வலிக்கும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. கூப்பிட்டாலும் வராத, பிடிக்கக் கிட்டப் போனால் ஒதுங்கும் நாய்தான் மிஞ்சும். அப்படி ஆன ஒரு நல்ல நாயை நானே பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தக் காலரின் இடம் மானைத் துரத்தும் பழக்கத்தை நிறுத்துவதிலும், 'பீப்' சத்தத்துக்குத் திரும்பி வரப் பழக்குவதிலும் இருக்கிறது. திரும்பி வரும் பழக்கம் உறுதியான பிறகுதான் தூரப் பயிற்சியையே தொடங்க வேண்டும்.

ஜிபிஎஸ் காலர் வேறு. அது இல்லாமல் எட்டப் போகும் நாயை அவிழ்க்கவே கூடாது. கார்மின் ஆல்ஃபா போன்றவை 2.5 நொடிக்கு ஒருமுறை நாயின் இடத்தைக் காட்டும்; மறைப்பே இல்லாத வெளியில் 9 மைல் வரை எட்டும் என்பது நிறுவனக் கணக்கு. ஆற்றோர மரங்களுக்குள்ளும் மெஸ்கீட் புதருக்குள்ளும் அவ்வளவெல்லாம் வராது. மெஸ்கீட் என்பது நம் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய சொந்தம், புதர் எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எவ்வளவு தூரம் வேண்டும்?

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. 100 ஏக்கர் சதுர நிலம் என்றால் ஒரு பக்கம் ஏறக்குறைய 640 மீட்டர். நடுவில் நின்றால் எந்த வேலியும் 320 மீட்டர்தான். 870 மீட்டர் போகும் நாய் அங்கே ஒவ்வொரு முறையும் அடுத்தவர் நிலத்தில்தான் குரைக்கும். 1000 ஏக்கருக்குப் பக்கம் 2 கிலோமீட்டர், நடுவிலிருந்து வேலிக்கு ஒரு கிலோமீட்டர். உங்களிடம் இருப்பது 200, 300 ஏக்கர் என்றால் கிட்ட வேட்டையாடும் நாய்தான் சரியான நாய். அதைக் குறை என்று நினைத்து மாற்றப் போகாதீர்கள்.

தூரம் கூடினால் ஆபத்தும் கூடும். தார்ச்சாலை வந்துவிடும். பன்றியிடம் கிழிபட்டால் நாம் போய்ச் சேரும் நேரம் நீளும். வெட்டுத் தாங்கும் மார்புக் கவசம் போடாமல் விடக் கூடாது. பன்றிகளிடம் உள்ள சூடோரேபிஸ் கிருமி நாய்க்குத் தொற்றினால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும், அதனால் பச்சைப் பன்றிக் கறியைத் தின்னவே விடக் கூடாது. எல்லாவற்றையும்விட வெயில். நாயின் உடல் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஒரு கிலோமீட்டர் தள்ளி மயங்கி விழுந்தால் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது.

அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை செவலையை விடிவதற்கு முன்னால் மட்டும்தான் அவிழ்க்கிறோம், அதுவும் ஓடையில் தண்ணீர் ஓடும் பக்கமாக. அவள் போகும் வழியில் உள்ள பக்கத்து நிலத்துக்காரர்கள் மூன்று பேருக்கும் முந்தின நாளே போன் செய்து, "அவள் வேலி தாண்டினால் நான் எந்தக் கதவு வழியாக உள்ளே வரலாம்?" என்று கேட்டு வைத்துக்கொள்கிறேன்.