துருதுருப்பான நாய் எடுக்க யோசிக்கிற மட்டக்களப்பு ஆக்களுக்கு

மட்டக்களப்பு டவுனுக்கு வெளிய இரிக்கிற நாய்க் காப்பகம் ஒண்டுல இருந்து ஒரு பெட்டை நாய எடுத்து வளக்கிறம், ஒரு வயசு இரிக்கும், கலப்பு, ஒரு காது நிமிந்து மத்தது மடிஞ்சிரிக்கும். நாய் எடுக்க நினைக்கிற ஆக்கள் நம்பிப் போகலாம்.

எனக்கு அங்க புடிச்சதே அவங்க ஒண்டையும் மறைக்காததுதான். "அக்கா, இவள் சும்மா படுத்துக் கிடக்கிற புள்ள இல்ல, காலையும் பின்னேரமும் நல்லா ஓட விடணும், இல்லாட்டி செருப்பு, பாய், வயர் எல்லாத்தையும் கடிப்பாள், ஏலுமெண்டா மட்டும் எடுங்க" எண்டு அங்க வேல செய்யிற தம்பி முகத்துக்கு நேர சொல்லிட்டார். மதில் இரிக்கா, பகல்ல வீட்டுல ஆர் நிக்கிற, கோழி வளக்கிறீங்களா எண்டெல்லாம் கேட்டாங்க, போன உடனே தூக்கித் தரவும் இல்ல, பெல்ட்டக் கையில தந்து நடத்திப் பாருங்க எண்டாங்க, அடுத்த முறை வீட்டு ஆக்கள் எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அலைச்சல்தான், ஆனா எடுத்த நாய திருப்பிக் கொண்டு போய் விடுற அளவுக்கு அந்த சீவனுக்கு வேற கொடுமை இல்ல, அதால இப்பிடிக் கேக்கிறதுதான் சரி எண்டு நான் சொல்லுவன்.

கருத்தடை ஒப்பரேஷன் முடிச்சு, விசர்நாய்த் தடுப்பூசியும் போட்டுத்தான் தந்தாங்க. பெட்டைக் குட்டி எண்டா சந்தைப் பக்கம் கொண்டு போய் விடுற பழக்கம் இன்னும் இரிக்கு, 2006ல இருந்து நாட்டுல தெருநாயக் கொல்லுற இல்ல எண்ட கொள்கை வந்த பிறகு இந்த ஒப்பரேஷனும் ஊசியும்தானே வழி. குறை எண்டா, தந்த கார்ட்ல அடுத்த ஊசித் திகதி எழுதியிருக்கல்ல, போன் எடுத்தாலும் லேசில பதில் இல்ல, கையோட கேட்டு எழுதிக்கொள்ளுங்க. விசர்நாய் ஊசி வருசா வருசம் போடணும், சுகாதாரப் பகுதி அத இலவசமாத்தான் போடுது, உங்கட எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபீஸ்ல விசாரிங்க. பார்வோ மாதிரி நோய்களுக்குரிய ஊசி வேற, அதுக்கு மிருக வைத்தியர்ட்டத்தான் போகணும். உண்ணியையும் விடாமப் பாருங்க, உண்ணிக் காய்ச்சல் நாயக் கொண்டு போயிரும்.

இவள்ட துள்ளல் சொல்லி முடியாது. விடிய வெயில் ஏற முந்தி கல்லடி கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறம், நண்டுக் குழி ஒண்டு விடாமக் கிண்டுவாள், நாங்களும் இழுத்துக்கொண்டு வராம மணந்து பாக்க விடுறம், ஏனெண்டா சும்மா வேகமா ஓடுறத விட மணந்து தேடுறதுலதான் இவள் நல்லாக் களைக்கிறாள். வீட்டுல சோத்தையும் முள்ளெடுத்த அவிச்ச மீனையும் சிரட்டைகளுக்குள்ள வெச்சு வளவுல அங்கங்க ஒளிச்சு விடுவம், எல்லாத்தையும் கண்டு புடிச்சுத் திண்டுட்டு வந்து படுத்தாளெண்டா வீடே அமைதி. வெங்காயம், சொக்லட், முந்திரிகைப் பழம் (திராட்சை) ஒண்டும் குடுக்காதீங்க, அதெல்லாம் நாய்க்கு நஞ்சு, அவிச்ச எலும்பும் உடைஞ்சு குடலக் கிழிக்கும். கட்டி வெச்சு வளக்கத்தான் நாய் வேணுமெண்டா தயவுசெஞ்சு இந்த மாதிரி நாய எடுக்க வேணாம், அங்கயே வயசான அமைதியான நாய்களும் இரிக்கு, அதுகளயும் கேட்டுப் பாருங்க.

போறாக்கள் பின்னேரம் போங்க, பகல் வெயில்ல எல்லா நாயும் படுத்துத்தான் கிடக்கும், குணம் விளங்காது. போகக்குள்ள குறுணல் அரிசி, பழைய பெட்ஷீட் ஏதும் இருந்தா கொண்டு குடுங்க, அங்க எப்பவும் தேவை.