அடுக்குமாடிக் கட்டடத்திற்கான நிலநடுக்க ஆய்வு: ஒரு சேவை மதிப்புரை

எங்கள் அடுக்குமாடிக் கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று ஆராய்ந்து சொல்ல, குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் ஒரு தனியார் பொறியியல் நிறுவனத்தை அமர்த்தினோம். தூண், கம்பி வரையில் வேலை நேர்த்தியாக இருந்தது. சுற்றுச்சுவருக்கு வெளியே இருப்பதை அறிக்கை கண்டுகொள்ளவே இல்லை.

வந்த பொறியாளர்கள் விரிசல்களைப் பார்த்துப் படமெடுத்ததோடு நிற்கவில்லை. கம்பிகள் எங்கெங்கே ஓடுகின்றன என்பதை ஸ்கேனரால் குறித்துக்கொண்டு, தரைத்தளத் தூண் ஒன்றின் மேல் கான்கிரீட்டைக் கவனமாகக் கொத்தி எடுத்து, உள்ளே நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டியிருந்த ரிங் கம்பியை எங்களுக்குக் காட்டினார்கள். அதன் முனை 135 பாகை வளைந்து தூணின் உட்பகுதிக்குள் இறங்கியிருக்க வேண்டும். எங்கள் தூணிலோ 90 பாகையோடு நின்றிருந்தது. பலத்த குலுக்கலில் மேல் கான்கிரீட் உதிர்ந்தால் இத்தகைய ரிங் பிரிந்துவிடும், அதன்பின் நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்கித் தூணே நொறுங்கும் என்று அவர்கள் நிதானமாக விளக்கியதைக் கேட்டபிறகுதான், செலவுக்குத் தயங்கியவர்களும் சம்மதித்தனர். சுவரில்லாத வாகன நிறுத்தத் தளமே அசைவின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும் என்ற எச்சரிக்கையும் மிகச் சரியானது. 2001 குஜராத் நிலநடுக்கத்தின்போது, மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இவ்வகைக் கட்டடங்கள் பல சரிந்தன. தூண்களுக்குக் கான்கிரீட் உறையிடும் பரிந்துரையை வரைபடங்களோடு தந்திருக்கிறார்கள்.

குறை மண்ணில் தொடங்குகிறது. துளையிட்டுப் பார்க்காமலேயே 'நடுத்தர மண்' என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1985இல் மெக்சிகோ நகரம் நிலநடுக்க மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தும் பேரழிவைச் சந்தித்ததற்கு முக்கியக் காரணம், பழைய ஏரிப்படுகையின் களிமண் அதிர்வைப் பன்மடங்கு பெருக்கியதே. எனவே இது சிறிய விடுபடல் அன்று. பக்கத்துக் கட்டடத்துக்கும் எங்களுடையதற்கும் கையை நுழைக்கும் அளவுக்குக்கூட இடைவெளி இல்லை. அதன் தளமும் எங்கள் தூணின் நடுப்பகுதியும் ஒரே உயரத்தில் இருப்பதால், இரண்டும் மோதினால் முதலில் அடிபடுவது அந்தத் தூண்தான். அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தீயணைப்பு வண்டி நுழையமுடியாத எங்கள் தெருவைப் பற்றியும் இல்லை. 1995 கோபே நிலநடுக்கத்தில் மரவீடுகள் நெருங்கியிருந்த பகுதிகளில் தீ பரவியது. அகலமான சாலைகளும் பூங்காக்களும் பல இடங்களில் அதைத் தடுத்து நிறுத்தின.

கேட்டபோது, அவை நகரமைப்பு அதிகாரிகளின் பொறுப்பு என்றார்கள். தெருவை அகலப்படுத்துவது அவர்கள் பொறுப்புதான். ஆனால் ஆபத்து இருக்கிறது என்று எழுதித் தருவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அப்படி எழுதித் தந்திருந்தால் அதை வைத்தே நகராட்சியிடம் முறையிட்டிருப்போம்.

கட்டடத்தின் உள்வலுவை அறிய இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் மண் பரிசோதனை, பக்கத்துக் கட்டட இடைவெளி, தீயணைப்பு வண்டி வரும் வழி ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழி உறுதியை ஏற்று முன்பணம் கொடுக்காதீர்கள்.