பில்லிங் மெஷின் வைத்திருக்கும் கடைக்காரர்களே, என் 14,800 ரூபாய் போன கதையைக் கேளுங்கள்

விருதுநகரில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். 14,800 ரூபாய் ஏமாந்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போகட்டும், விடு" என்று நானே சொல்லிவிடுவேன். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். திரை இல்லாத பில்லிங் மெஷின் நின்றுபோனால் எதை எதைச் சோதிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மதுரையில் இருந்துகொண்டு சுற்று ஊர்களுக்கெல்லாம் பில்லிங் மெஷின், எடைத் தராசு, பார்கோடு கருவி பழுது பார்க்கும் ஒரு சர்வீஸ் நிறுவனம். அவ்வளவு போதும்.

என்னுடையது மேசையில் இடத்தை அடைக்காத வகை. உள்ளே இருப்பது சாதாரணக் கணினிதான், ஆனால் கணினித் திரை கிடையாது. என் பக்கம் வரிக்கு 20 எழுத்து வீதம் இரண்டு வரி. வாடிக்கையாளர் பக்கமும் அதே போல இரண்டு வரி, நீலப்பச்சை நிறத்தில் ஒளிரும். விசைப்பலகையில் எண்களும் மொத்தம், ரத்து என்று சில பொத்தான்களும் மட்டுமே. பருப்பு விற்கிறவனுக்கு இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும் என்று நானே விரும்பி வாங்கியது. ஆறு வருடமாக ஒரு குறையும் சொல்ல முடியாது.

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின அல்லவா, நெய் 12-இலிருந்து 5, குளியல் சோப்பும் பற்பசையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும் 18-இலிருந்து 5 என்று? மென்பொருள்காரர் வந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த திங்கட்கிழமை, 29-ஆம் தேதி காலை, பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, "பீப்" என்று ஒரு சத்தம் வருகிறது, அதோடு சரி. இரண்டு வரியும் இருட்டு. புதன்கிழமை ஆயுத பூஜை. பொரி, அவல், கடலை, வெல்லம் என்று வாசலில் கூட்டம் நிற்கிறது. எந்தப் பொருளுக்குப் புது வரி, எதற்குப் பழைய வரி என்று குழம்பிக்கொண்டே நான் கையால் பில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் மெஷின் எனக்குச் சைகை காட்டிக்கொண்டுதான் இருந்தது. சில நாள் காலையில் முதல் பில்லில் தேதி 01-01-2012 என்று வரும். வழக்கமாக வரும் ஓர் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அப்படியென்றால் 2012 விலைக்கே கொடுத்துவிடுங்கள்" என்றார். சிரித்துவிட்டுத் தேதியைத் திருத்திக்கொண்டேன். இரவு கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது அப்பா காலத்துப் பழக்கம். இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு மணிக்கு சர்வீஸ் இளைஞர் வந்தார். சட்டையில் நிறுவனத்தின் பெயர் தைத்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அங்கேயே நான் பாதி விழுந்துவிட்டேன். மெஷினைத் திறந்து, பையிலிருந்து தீப்பெட்டி அளவு அட்டை ஒன்றை எடுத்து உள்ளே சொருகினார். அதில் சிவப்பாக இரண்டு இலக்கங்கள் ஓடின. ஓடி ஓடி 85-இல் நின்றன.

"பார்த்தீர்களா அண்ணாச்சி, 85. இதற்கு மேல் போகவில்லை. போர்டு போய்விட்டது."

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டும்போது நாம் என்ன செய்கிறோம்? தலையை ஆட்டுகிறோம். ஆட்டினேன். காலையிலிருந்து வாயே திறக்காத மெஷின் இப்போது ஓர் எண்ணைச் சொல்கிறது. அதை நம்பாமல் வேறு எதை நம்புவது? 85 என்றால் என்ன கோளாறு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மெஷினின் பின்பக்கம் ரப்பர் மூடி போட்ட ஓர் இணைப்புத் துளை இருக்கிறது. அதை அவர் தொடவே இல்லை என்பதும் இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

போர்டு 11,500. உள்ளே இருக்கும் கணக்குகளைக் காப்பாற்றித் தர 2,000. வந்துபோகவும் கழற்றி மாட்டவும் 1,300. ஆக மொத்தம் 14,800 ரூபாய், முழுவதும் முன்பணமாக. என் மனைவி, "வேறு யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே" என்றாள். "பூஜையும் அதுவுமாகக் கல்லாவை இருட்டில் வைப்பதா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டுக் கைப்பேசியில் பணத்தை அனுப்பினேன். 14,800. பதிலுக்கு அவர் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை. நாள் முழுக்கப் பில் போட்டுப் பிழைக்கிற நான் பில் இல்லாமல் பணம் கொடுத்திருக்கிறேன். இதைவிட வெட்கக்கேடு உண்டா?

மெஷின் மதுரைக்குப் போய்ச் செவ்வாய் மாலை திரும்பி வந்தது. இரண்டு வரியும் பளிச்சென்று எரிந்தன. வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கிக்கொண்ட அந்த இளைஞர் போகும்போது, "புதுப் போர்டு அண்ணாச்சி, கொஞ்ச நாளைக்கு இரவில் மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். செட் ஆகட்டும்" என்றார். போர்டு என்ன புது மருமகளா, வீடு பழகுவதற்கு? அன்று இப்படிக் கேட்கத் தோன்றவில்லை. மாறாக, பொரியும் கடலையும் ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தபோது, புதுப் போர்டாயிற்றே என்று ஒரு பொட்டு கூடுதலாகவே வைத்தேன்.

அக்டோபர் 17 இரவு மழை. போன மின்சாரம் விடியும் வரை வரவில்லை. சனிக்கிழமை காலை, தீபாவளிக்கு இரண்டே நாள், பொத்தானை அழுத்துகிறேன். விசிறி. ஒரு "பீப்". இருட்டு.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "புகாரைப் பதிந்துகொண்டோம் சார், கூப்பிடுவார்கள்" என்றார். யாரும் கூப்பிடவில்லை. மதியம் மறுபடியும் செய்தேன்: "பண்டிகை நேரம் சார், ஆள் இல்லை." வந்துபோன இளைஞரின் எண்ணுக்கு அடித்தால் மணி போய்க்கொண்டே இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், நீலக் குறி விழுந்தது, பதில் விழவில்லை. மாலையில் மேலாளர் என்று ஒருவர் பேசினார். "இரவு கரண்ட் போனது என்று நீங்களே சொல்கிறீர்கள். மின்சாரத்தால் வரும் கோளாறுக்கு உத்தரவாதம் கிடையாது. மறுபடியும் ஆள் அனுப்ப வேண்டுமென்றால் 1,300 கட்டுங்கள்." ஏற்கெனவே 14,800 வாங்கிய வாய்தான் இப்படிப் பேசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியில்லாமல், தெருமுனையில் டிவி ரிப்பேர் பார்க்கும் பெரியவரைக் கூப்பிட்டேன். டிவி பார்க்கிறவருக்குக் கணினியில் என்ன தெரியும் என்று இத்தனை வருடம் அவரை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. மன்னிக்க வேண்டும், ஐயா.

அவர் மெஷினைத் தொடவில்லை. முதலில் பில் அச்சடிக்கும் பிரிண்டரை அணைத்தார். காகிதம் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே மறுபடியும் போட்டார். பிரிண்டர் தன் பெயர், பதிப்பு, அமைப்பு எல்லாவற்றையும் தானாகவே ஒரு சீட்டில் அடித்துக் கொடுத்தது. "இது நன்றாக இருக்கிறது. கல்லாப்பெட்டியைத் திறக்கும் மின்சாரமும் இதன் வழியாகத்தான் போகிறது, மெஷினிலிருந்து இல்லை. ஆகவே இவை இரண்டையும் விட்டுவிடலாம்" என்றார். பிறகு மெஷினைப் போடச் சொன்னார். பீப். "ஒரு முறைதான் கத்துகிறது, விடாமல் கத்தவில்லை. பெரும்பாலும் இது நல்ல சத்தம் தம்பி. சரி, இதற்குத் திரை எங்கே?"

இரண்டு வரியைக் காட்டினேன்.

"இது விலை சொல்லும் பலகை. பில் மென்பொருள் ஓட ஆரம்பித்த பிறகுதான் இதற்கு உயிர் வரும். அதற்கு முன்னால் மெஷினுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எங்கே சொல்லும்?" என்று கேட்டுக்கொண்டே பின்பக்கத்து ரப்பர் மூடியைப் பிடுங்கினார். உள்ளே 15 துளை கொண்ட சாதாரண மானிட்டர் இணைப்பு. தன் கடையிலிருந்து ஒரு பழைய மானிட்டரைத் தூக்கி வந்து சொருகினார். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் சில வரிகள். அமைப்பு விவரங்கள் அழிந்துவிட்டன, தேதி நேரம் சரியில்லை, தொடர எஃப்1 விசையை அழுத்தவும். அவ்வளவுதான்.

என் மெஷினில் எஃப்1 விசையே கிடையாது.

அது சாகவில்லை. இல்லாத திரையில் கேள்வியை எழுதி வைத்துவிட்டு, இல்லாத விசையை யாராவது அழுத்துவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தது. பெரியவர் தன் விசைப்பலகையை மாட்டி எஃப்1 அழுத்தினார். மென்பொருள் திறந்தது, இரண்டு வரியும் எரிந்தன. மேல்மூடியைக் கழற்றி, சட்டைப் பொத்தான் போல இருந்த பேட்டரியை எடுத்து மீட்டரில் வைத்துக் காட்டினார். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2-கூட இல்லை. சிஆர்2032 என்ற வகை. புதியது 40 ரூபாய்.

40 ரூபாய். நான் கொடுத்தது 14,800.

இதற்குப் பிறகுதான் வயிறு எரிந்தது. மூடியைக் கழற்றியபோது உள்ளே பார்த்தேன். பத்தொன்பது நாள் வயதான 'புது' போர்டின் மேல் என் கடையின் மிளகாய்த்தூள் செக்கச்சிவப்பாகப் படிந்திருக்கிறது. ஆறு வருடத்துத் தூள் அது. சந்தேகத்தோடு மென்பொருள்காரருக்குப் போன் செய்தேன். "போர்டு மாறவே இல்லை. நம் லைசென்ஸ் அந்தப் போர்டின் நெட்வொர்க் எண்ணோடு பூட்டியிருக்கிறது. மாற்றியிருந்தால் மென்பொருள் திறந்தே இருக்காது, புது லைசென்ஸ் கேட்டு என்னிடம் வந்திருப்பீர்கள்" என்றார். 85 பற்றியும் அவரிடமே கேட்டேன். மானிட்டரில் தெரிந்த பயாஸ் வகையை, அதாவது மெஷினைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை நிரலின் வகையை, படித்துக் காட்டச் சொன்னார். ஏஎம்ஐ பயாஸ் 8. அதன் குறியீட்டுப் பட்டியலில் 85 என்றால் "பிழைகளைத் திரையில் காட்டிப் பயனரின் பதிலுக்குக் காத்திருக்கிறது" என்று பொருளாம். மரணச் சான்றிதழ் என்று எனக்குக் காட்டியது, என் மெஷின் கையைத் தூக்கிக்கொண்டு நின்றதைத்தான்.

அந்த "செட் ஆகட்டும்" இருக்கிறதே, அதற்கும் பெரியவர் விளக்கம் சொன்னார். மெயின் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, மெஷின் அணைந்திருந்தாலும் போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். தேதியும் அமைப்பும் அதிலேயே பிழைத்துக்கிடக்கும். சுவிட்சை அணைத்த பிறகுதான் பொத்தான் பேட்டரிக்கு வேலை. ஆக, பேட்டரிதான் காரணம் என்று அவர்களுக்குத் தெரியும். எஃப்1 அழுத்தித் தேதியைச் சரிசெய்து, 40 ரூபாய்ப் பேட்டரியைக்கூட மாற்றாமல், 14,800 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள், என் போர்டை எனக்கே. அறியாமை என்றால் மன்னித்திருப்பேன்.

தீபாவளி முடிந்து செவ்வாய்க்கிழமை மேலாளரைப் பிடித்தேன். பழைய போர்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "அது மின்கழிவு சார், மறுசுழற்சிக்கு அனுப்பிவிட்டோம்" என்கிறார், கூசாமல். அப்படியானால் என் மெஷினுக்குள் இருப்பது எது என்றேன். "வேலை திருப்தி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்றார். மிளகாய்த்தூள் படிந்த படத்தை அனுப்பினேன். இப்போது நீலக் குறிகூட விழுவதில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். கடைக்காக வாங்கிய சேவை என்பதால் நுகர்வோர் சட்டத்தில் இடமில்லை என்று ஒரு நண்பர் பயமுறுத்தினார். 2019 சட்டத்தில், சொந்த உழைப்பில் வயிறு பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு விலக்கு இருக்கிறது; என்னிடம் போர்டு என்று விற்றதும் பொருள்தானே. என் கடையில் நானும் என் மனைவியும்தான். விடப்போவதில்லை.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், ஆனால் வாசலில் ஆள் வந்துவிட்டது, சுருக்கமாகவே முடிக்கிறேன். திரையில்லாத மெஷின் நின்றுபோனால் முதலில் ஒரு மானிட்டரையும் முழு விசைப்பலகையையும் கடன் வாங்கிச் சொருகிப் பாருங்கள். பில்லில் தேதி தவறினால் அன்றே பொத்தான் பேட்டரியை மாற்றுங்கள். எந்த எண்ணைக் காட்டினாலும் அதன் பொருள் என்ன, எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கேளுங்கள். மெஷினைக் கொடுப்பதற்கு முன் மூடியைத் திறக்கச் சொல்லிப் போர்டைப் படம் எடுத்து வையுங்கள். பழைய பாகமும் ஜிஎஸ்டி எண் உள்ள பில்லும் கைக்கு வராமல் பணத்தை அனுப்பாதீர்கள். மனைவி ஒரு வார்த்தை சொன்னால் கேளுங்கள். வேறு ஏதாவது விட்டுப்போயிருந்தால் இரவு கடை சாத்திவிட்டுச் சேர்க்கிறேன், அரைக் கிலோ துவரம்பருப்புக்கு ஒருவர் நெடுநேரமாக நிற்கிறார்.