கேஸ்ல பறக்கும், பெட்ரோல்ல படுத்துக்கும்: பழைய ஜிப்ஸியோட 14 வருஷம்

நம்ம வண்டி 98 மாடல் மாருதி ஜிப்ஸி கிங்குங்க, ஜீப் மாதிரி இருக்கும், காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்குக் குடுக்கற கார்ப்ரேட்டர் வெச்ச பழைய வண்டி, 1.3 லிட்டர் இன்ஜின். 2011ல செகண்ட் ஹேண்டா வாங்குறப்பவே கேஸ்லயும் ஓடற மாதிரி எல்பிஜி கிட் போட்டு ஆர்சிலயும் ஏத்தியிருந்தாங்க. கொல்லிமலைல கொஞ்சம் மிளகுக் காடு இருக்கு, நாமக்கல்ல இருந்து வாரம் ஒருக்கா ஏறி இறங்கணும், காரவள்ளில ஆரம்பிச்சா 70 கொண்டை ஊசி வளைவு, மழைல காட்டுப்பாதை சேறாயிடுச்சுன்னா நாலு வீலும் இழுத்தாதான் வண்டி நகரும், அதனால வேற வண்டி பத்தி யோசிச்சதே இல்ல.

கேஸ் விலை கம்மியா இருந்ததால பெட்ரோலை கிட்டத்தட்ட மறந்தே போயிட்டேன். காலைல பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, கொஞ்சம் சூடானதும் பெட்ரோல்-கேஸ் மாத்தற ஸ்விட்ச்ச ரெண்டும் வராத மாதிரி நடுவுல வெச்சு, கார்ப்ரேட்டர்ல இருக்கறது தீர்ந்து இன்ஜின் திக்க ஆரம்பிக்கறப்ப கேஸுக்குத் தள்ளிருவேன், அவ்ளோதான் பெட்ரோலுக்கு வேலை. 40 லிட்டர் டேங்க்ல எப்பவும் அஞ்சோ ஆறோ லிட்டர் அடியில கிடக்கும், அதுவும் மாசக்கணக்கா அதே பெட்ரோல். எல்லா வினையும் அங்கதான் ஆரம்பிச்சிருக்கு, எனக்குத் தெரியறதுக்கு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு.

2023 சித்திரை வெயில்ல ஒரு நாள் பாதி மலைல கேஸ் தீர்ந்துச்சு. சரி பெட்ரோல் இருக்கேன்னு மாத்துனா ரெண்டு மூணு வளைவு ஏறுச்சு, அப்புறம் இழுவை குறைஞ்சு, ஜெர்க் அடிச்சு, நின்னுடுச்சு. அரை மணி நேரம் கழிச்சு செல்ஃப் அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது, அடுத்த நாலு வளைவுல மறுபடி அதே கூத்து. வீட்டுக்காரம்மா பின்னாடி சீட்ல இருந்து ஒரு வார்த்தை பேசல, அதுதான் ரொம்ப பயமா இருந்துச்சு.

முதல்ல காட்டுன ஒர்க்‌ஷாப்ல பார்த்த உடனே வேப்பர் லாக்னுட்டாங்க. அதாவது சூட்டுல பைப்புக்குள்ளயே பெட்ரோல் ஆவியாகி பம்ப்புக்கு இழுக்க முடியாமப் போறது. பழைய கார்ப்ரேட்டர் வண்டில நிஜமாவே வர்ற விஷயம்தான், அதான் நானும் நம்பிட்டேன். பம்ப் மேல ஈரத்துணி சுத்துனோம், கேக்கல. புது பம்ப் போட்டோம், கேக்கல. அப்புறம் ஸ்பார்க் குடுக்கற காயில், பிளக், பிளக் ஒயர்னு வரிசையா மாத்தி 9,000 ரூபாய்க்கு மேல போயிடுச்சு, வண்டி அதே வளைவுல நிக்குது.

அப்புறம்தான் லாரி வேலை பாக்கற ஒரு பெரியவர்கிட்ட போனேன். பானெட்டக்கூட திறக்கல அவரு.

“ஏந்தம்பி, கேஸ்ல ஓடறப்ப இப்படி நிக்குதா?”

“இல்லீங்ணா, கேஸ்ல சும்மா பிச்சுக்கிட்டு ஏறுது.”

“அப்புறம் எதுக்கு காயில மாத்துன?”

என்கிட்ட பதில் இல்ல. யோசிச்சுப் பாருங்க, ரெண்டு எரிபொருளுக்கும் அதே பிளக், அதே காயில், அதே கம்ப்ரஷன், மாறுறது எரிபொருள் வர்ற வழி மட்டும்தான். அதுவும் கேஸ எரிக்க பெட்ரோலைவிட பலமான ஸ்பார்க் வேணும், காயில் வீக்குன்னா கேஸ்லதான் முதல்ல மிஸ் அடிக்கும். ஆனா ஒண்ணு, இத அப்படியே திருப்பிப் போடக்கூடாது. பெட்ரோல்ல நல்லா ஓடி கேஸ்ல மட்டும் மிஸ்ஸானா உடனே கேஸ் கிட் மேல பழி போடாதீங்க, பழைய பிளக் ஒயரா கூட இருக்கும். ரெட்டை எரிபொருள் வண்டி வெச்சிருக்கறவன் கையில ஓசில ஒரு டெஸ்ட் மிஷின் இருக்கு, ஸ்விட்ச்ச தட்டுனா போதும், நான் அத ஒரு தடவ கூட தட்டிப் பாக்கல.

அடுத்து அவரு பண்ணதுதான் அருமை. வாசல் சரிவுல வண்டி மூக்கு மேல தூக்குன மாதிரி நிறுத்தி, இன்ஜின் ஆறுனதும் கார்ப்ரேட்டருக்குப் போற ஓஸக் கழட்டி ஒரு பாட்டிலுக்குள்ள விட்டு, காயில் ஒயரப் புடுங்கிட்டு செல்ஃப் அடிக்கச் சொன்னாரு. பெட்ரோல் புளுக் புளுக்னு நுரையோட விட்டு விட்டு வருது. அப்புறம் பம்ப்புக்கு டேங்க்ல இருந்து வர்ற ஓஸ எடுத்துட்டு, அந்த இடத்துல ஒரு கேன்ல இருந்து தனி ஓஸ் குடுத்தாரு. இப்ப அதே பம்ப், கயிறு மாதிரி விடாம அடிக்குது. பம்ப்புல கோளாறே இல்ல, அதுக்குப் பின்னாடிதான் எங்கயோ காத்து இழுக்குது. (சூடா இருக்கற இன்ஜின்ல இத வீட்ல முயற்சி பண்ணாதீங்க, பக்கத்துல ஃபயர் எக்ஸ்டிங்குஷர் இல்லாமயும் வேண்டாம்.)

ஆனா கீழ ஒரு சொட்டு கூட ஒழுகலயேன்னு கேட்டேன். டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் உறிஞ்சுற பக்கம், அங்க ஓட்டை இருந்தா பெட்ரோல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும்னாரு. டேங்க்க இறக்கிப் பார்த்தா, அதுக்கு மேல மறைஞ்சு கிடக்கற ரப்பர் ஓஸ் வெயில்ல காஞ்ச வயலாட்டம் வெடிச்சுக் கிடக்கு. டேங்க்குக்குள்ள இருக்கற வலை முழுக்க காபிப்பொடி மாதிரி துரு. பாதி காலியா கிடக்கற டேங்க்ல ஈரம் படியும், இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் வேற கலக்குறாங்க, 20 சதவீதம் வரைக்கும் வந்தாச்சு, எத்தனால் தண்ணிய இழுத்துக்கும், பழைய ரப்பருக்கும் ஆகாது. மாசக்கணக்கா பெட்ரோலை ஊற வெச்சது நான்தானே, யாரையும் திட்டவும் முடியல. டேங்க் கழுவி, எத்தனால் தாங்குற ஓஸா எல்லாத்தையும் மாத்தி, கார்ப்ரேட்டர்ல பெட்ரோல் தேங்குற ஃப்ளோட் சேம்பர்ல பிசின் மாதிரி ஒட்டியிருந்ததயும் சுரண்டி எடுத்தோம்.

அப்பவும் மாசத்துக்கு ஒருக்கா பெட்ரோல் சட்டுனு நிக்கும். அதுக்குக் காரணம் பெட்ரோல் சோலனாய்டு வால்வு, அதாவது கேஸ்ல ஓடறப்ப பெட்ரோலை அடைக்கற கரண்ட் வால்வு, அதோட எர்த் ஒயர் லூஸ். அதுல கையால திறக்கற திருகு ஒண்ணு இருக்கும், அதத் திருகுனதும் வண்டி ஓடுச்சுன்னா கோளாறு கரண்ட்ல, அவ்ளோதான்.

கேஸ் பக்கமும் ரெண்டு அனுபவம் இருக்கு. ஒரு மார்கழில மலை மேல கேஸ்ல திணறுது, பார்த்தா திரவமா வர்ற கேஸ ஆவியாக்குற வேப்பரைசர் வெளிய வெள்ளையா பனி படிஞ்சிருக்கு. அது ரேடியேட்டர் சுடுதண்ணிலதான் சூடாகணும், தண்ணி குறைஞ்சு போயிருந்துச்சு, ஊத்துனதும் சரி. இன்னொரு தடவ சர்வீஸ் முடிஞ்சு கேஸ் டேங்க் வால்வ படக்குனு திறந்துட்டேன், கேஸே வரல. பைப் வெடிச்சா கேஸ் கொட்டாம அடைக்கறதுக்கு உள்ள ஒரு தடுப்பு வால்வு இருக்கு, வேகமா திறந்தா பைப்தான் போச்சுன்னு நினைச்சு அதுவா மூடிக்கும். மூடிட்டு கொஞ்ச நேரம் விட்டு மெதுவா திறந்தா சரியாகிடும். கேஸ் வாசனை வந்தா மட்டும் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், அது காத்தைவிட கனம், குழில தேங்கி நிக்கும், வண்டிய வெட்டவெளிக்குத் தள்ளிட்டு ஆளக் கூப்பிடுங்க.

இப்ப டேங்க்ல பாதிக்குக் குறையாம பெட்ரோல் வெச்சுக்கறேன், மலை ஏறறது பெட்ரோல்ல, இறங்கறது கேஸ்ல. செலவுக் கணக்குப் பார்த்தா கொஞ்சம் நஷ்டம்தான், பரவால்ல. அடுத்த மாசம் கேஸ் டேங்க்குக்கு 5 வருஷ டெஸ்ட் வருது, எப்படியும் கழட்டித்தான் ஆகணும், அப்படியே அந்தப் பக்கத்து ஓஸையும் ஒரு பார்வை பார்த்துரலாம்னு இருக்கேன்.