இருபது மணிச் சட்டம்: ஆறு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகு

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆறு மாதத்துக்கு முன்பு வரை எட்டும் ஆறும் எத்தனை என்று கேட்டால், "மனசுல எட்டு, கையில ஆறு" என்று சொல்லிக்கொண்டே ஆறு விரலை நீட்டி, ஒன்பது, பத்து, பதினொன்று என்று ஒவ்வொன்றாக மடக்கி, பதினாலில் வந்து நிற்பாள். விடை சரிதான். உடனே எட்டும் ஏழும் எத்தனை என்று கேட்டால் மறுபடியும் மனசுல எட்டு, கையில ஏழு. இப்போதுதானே பதினாலு என்றாய், அதைவிட ஒன்று கூட, அவ்வளவுதானே என்று நமக்குத் தோன்றும். அவளுக்கு அவை வேறு வேறு கணக்கு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

விரல் விட்டு எண்ணுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. எல்லாக் குழந்தையும் அங்கிருந்துதான் தொடங்கும், விரலை மடக்காதே என்று அதட்டினால் மேசைக்கு அடியில் மடக்கும். எண்ணிக்கொண்டே போவதைத் தவிர வேறு வழி ஒன்று இருக்கிறது என்பதே இவளுக்குத் தெரியவில்லை, அதுதான் எனக்குக் கவலை. வாய்ப்பாடு மாதிரி கூட்டலையும் ஒப்பிக்க வைத்துப் பார்த்தேன். இரண்டு வாரம் நின்றது, மூன்றாவது வாரம் எட்டும் ஆறும் பதினாறாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் இந்த மணிச்சட்டத்தை வாங்கினேன்.

பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஒரு மரச்சட்டம், இரண்டு கம்பி, கம்பிக்குப் பத்து மணி. ஒவ்வொரு கம்பியிலும் முதல் ஐந்து மணி சிவப்பு, அடுத்த ஐந்து வெள்ளை. டச்சு மொழியில் இதற்கு ரெக்கன்ரெக் என்று பெயர், கணக்குப் போடும் சட்டம் என்றுதான் அர்த்தம். நெதர்லாந்தில் கணிதக் கல்வியை ஆராய்கிற ஃப்ராய்டென்தால் நிறுவனத்தின் அட்ரி ட்ரெஃபர்ஸ் என்பவர் உருவாக்கிய வடிவம் இது. நான் வாங்கியது அதைப் பார்த்து ஏதோ ஒரு கம்பெனி செய்தது, பெயர் முக்கியமில்லை. இந்த அமைப்பு இருந்தால் போதும், யார் செய்திருந்தாலும் ஒன்றுதான்.

ஐந்து ஐந்தாக நிறம் மாறுகிறதே, முழுச் சங்கதியும் அதில்தான் இருக்கிறது. மூன்று, மிஞ்சிப் போனால் நாலு பொருள் வரைக்கும் நம் கண் எண்ணாமலே சொல்லிவிடும், அதற்கு மேல் பெரியவர்களும் தடுமாறுவார்கள். ஏழு மணி ஒரே நிறத்தில் வரிசையாக நின்றால் எண்ணித்தான் ஆக வேண்டும். அதே ஏழு, ஐந்து சிவப்பும் இரண்டு வெள்ளையுமாக நின்றால் பார்த்ததும் ஏழு. எட்டு என்றால் ஐந்தும் மூன்றும். ஒன்பது என்றால் ஒரே ஒரு வெள்ளை மட்டும் வராமல் அந்தப் பக்கம் தனியாக நிற்கும், அதாவது பத்துக்கு ஒன்று குறைவு என்பது கண்ணுக்கே தெரியும். கைக்கு ஐந்து விரல் என்று எண்ணிப் பழகிய குழந்தைக்கு இது அந்நியமாகவும் தெரிவதில்லை.

பெட்டிக்குள் ஒரு சின்னக் கையேடு வந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். முதல் பக்கத்திலேயே மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணச் சொல்லுங்கள் என்று போட்டிருந்தார்கள், அதை நம்பி எனக்குப் பத்து நாள் வீணாய்ப் போனது. விரலை மடக்குவதற்குப் பதிலாக மணியைத் தள்ளினாள், வேறு எதுவும் மாறவில்லை. அப்புறம் நானாக ஒரு விதி வைத்தேன்: எத்தனை வேண்டுமோ அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ள வேண்டும். முதலில் முழித்தாள். எட்டு கேட்டால் ஏழு வரும், இல்லையென்றால் பத்தும் வந்துவிடும். மூன்று நாலு நாளில், தள்ளுவதற்கு முன்பே சிவப்பைக் கண்ணால் தாண்டி, வெள்ளையில் மூன்றுக்கு அப்புறம் உள்ள சந்தில் ஆள்காட்டி விரலைச் செருகிக்கொண்டு அப்படியே தள்ள ஆரம்பித்தாள். எண்ணுகிற குழந்தை எண்ணாமல் பார்க்கத் தொடங்கியது அந்த விரல் செருகலில்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

அடுத்த வாரம் ஒருநாள், மேல் கம்பியில் எட்டு, கீழ்க் கம்பியில் ஆறு தள்ளச் சொல்லிவிட்டு, எண்ணாமல் சொல்லு பார்ப்போம் என்றேன். என் மனதில் இருந்தது பத்தாக்குகிற வழி. கீழே இருந்து இரண்டை மேலே கொடுத்தால் மேலே பத்து, கீழே நாலு. அவள் அதைச் செய்யவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள், பிறகு, "ரெண்டு சிவப்பும் சேர்ந்தா பத்தும்மா. வெள்ளை மூணு, ஒண்ணு. பதினாலு" என்றாள். நான் சொல்லிக் கொடுக்காத வழி! மறுநாள் ஏழும் ஆறும் கேட்டேன். "ஆறும் ஆறும் பன்னெண்டு, மேல ஒண்ணு மட்டும் துருத்திட்டு இருக்கு, பதிமூணு." இரட்டைத் தொகை தெரிந்தால் அதற்குப் பக்கத்துக் கணக்கும் தெரியும் என்று நான் வாயால் எத்தனையோ முறை சொல்லியும் ஏறாத விஷயம், ஒரு மணி துருத்திக்கொண்டு நின்றதும் ஏறிவிட்டது.

பத்தாக்குவதை நான்தான் காட்டினேன். மேல் கம்பியில் இரண்டு மணியை உள்ளே தள்ளு, கீழ்க் கம்பியில் இரண்டை வெளியே தள்ளு, மொத்தம் மாறவில்லை பார். இதற்கு அவள் வைத்துக்கொண்ட பெயர் "குடுக்கிறது". மேலுக்கு ரெண்டு குடுத்துட்டேன், இப்ப பத்தும் நாலும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் கலைச்சொல். ஒன்பதும் ஐந்தும் என்றால் ஒன்றைக் கொடு, எட்டும் ஐந்தும் என்றால் இரண்டைக் கொடு. இது ஓடுவதற்கு அடியில் இன்னொன்று தெரிந்திருக்க வேண்டும், பத்துக்கான ஜோடிகள். எட்டுக்கு இரண்டு, ஏழுக்கு மூன்று, ஆறுக்கு நாலு. அதற்கும் தனியாக மெனக்கெடவில்லை, மேல் கம்பியில் ஏழு தள்ளினால் தள்ளாத மூன்று அந்தப் பக்கம் எப்போதும் தெரிந்துகொண்டே இருக்கிறது, பார்த்துப் பார்த்தே மனதில் நின்றுவிட்டது.

கழித்தலில் இது இன்னும் நன்றாக வேலை செய்தது, ஆனால் அவசரப்படக் கூடாது. பதிமூன்றில் ஒன்பது போனால் எவ்வளவு? மேலே பத்து, கீழே மூன்று வைத்திருக்கிறோம். ஒரு வழி, கீழே உள்ள மூன்றை முதலில் எடுத்துவிட்டு, இன்னும் ஆறு பாக்கி என்று மேலே ஆறை எடுப்பது, நாலு மிச்சம். இன்னொரு வழி, மேலே உள்ள பத்திலிருந்து ஒன்பதை ஒரே தள்ளாக வெளியே தள்ளிவிடுவது, அங்கே ஒன்று, கீழே மூன்று, நாலு. எந்த வழி சுலபம் என்று அவளையே சொல்லச் சொன்னேன். எடுப்பது ஒன்பது என்றால் இரண்டாவது வழி, பதினாலில் ஐந்து என்றால் முதல் வழி என்று அவளே பிரித்துக்கொண்டாள். இந்தத் தேர்வுதான் மனக்கணக்கு என்று நான் நினைக்கிறேன், எண்ணைப் பார்த்து வழியை முடிவு செய்வது. ஒரே வழியை எல்லாக் கணக்குக்கும் வேகமாகப் போடுவது வேறு விஷயம்.

சட்டம் கையில் இருக்கும்வரை இது மனக்கணக்கே இல்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். மெல்ல மெல்ல எடுத்துவிட வேண்டும். நான் செய்தது இப்படி: கொஞ்ச நாள் தொட்டுத் தள்ளலாம். அப்புறம் சட்டம் எதிரில் இருக்கும், தொடக் கூடாது, என்ன செய்வாய் என்று வாயால் சொல்ல வேண்டும். அப்புறம் மணிகளைத் தள்ளிவைத்து ஒரு கண் காட்டிவிட்டு மேலே துண்டைப் போட்டு மூடிவிடுவேன், உள்ளே என்ன இருக்கிறது, அதில் இரண்டு கொடுத்தால் என்ன ஆகும்? இந்தத் துண்டு விளையாட்டுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது, நான் மூடி அவள் சொல்ல, அவள் மூடி நான் சொல்ல என்று மாற்றி மாற்றி. அந்த நாட்களில் அவளுடைய கட்டை விரல் மேசை ஓரத்தில் காற்றில் தள்ளிக்கொண்டிருக்கும், பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும். ஒருநாள் அதுவும் நின்றுவிட்டது.

அதே கம்பெனியின் செல்போன் ஆப் ஒன்றும் இலவசமாக வந்தது, நிமிடத்துக்கு எத்தனை கணக்கு என்று கடிகாரம் ஓடும். இரண்டு நாளில் அழித்துவிட்டேன். கடிகாரம் ஓட ஆரம்பித்ததும் அவள் கை பழையபடி விரலை மடக்கப் போனது. பதற்றத்தில் யாருமே பழகிய பழைய வழிக்குத்தான் போவார்கள், குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை.

பொருளின் தரம் பற்றி. மரம் கெட்டி, ஓரம் எல்லாம் நன்றாக இழைத்திருக்கிறார்கள், சிராய் இல்லை. குறை என்னவென்றால் மணிகள் ரொம்ப வழுக்குகின்றன. சட்டத்தை லேசாகச் சாய்த்தாலே எட்டு வைத்தது ஆறாகிவிடும், குழந்தை தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்கிறது. கம்பியில் மெல்லிய நூலைச் சுற்றிப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை. மேசையில் படுக்க வைத்துப் பயன்படுத்துவது உத்தமம். சிவப்புச் சாயம் ஒரு மணியில் உரிய ஆரம்பித்திருக்கிறது, வாயில் வைக்கிற வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைக் கவனியுங்கள். வாங்காமலேயே செய்துகொள்ளவும் முடியும், தடித்த அட்டையில் இரண்டு ஷூ லேஸ், இரண்டு நிறத்தில் பத்துப் பத்து பாசிமணி. லேஸில் மணி வழுக்காது என்பதால் உண்மையில் அது இதைவிட நன்றாகவே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மணிச்சட்டம் என்று தேடினால் பத்து வரிசை, நூறு மணி, வரிசைக்கு ஒரு நிறம் என்று வானவில் மாதிரி ஒன்று நிறைய வரும். அழகாக இருக்கும், இந்த வேலைக்கு ஆகாது. ஒரு வரிசை முழுக்க மஞ்சள் என்றால் ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் எண்ணாமல் தெரியாது. நூறு மணி வேண்டும் என்றாலும் ஐந்தில் நிறம் மாறுகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வாங்குங்கள்.

அபாகஸ் வகுப்புக்கு அனுப்பலாமே என்று சிலர் கேட்டார்கள். அது வேறு கருவி. அந்த ஜப்பானிய மணிச்சட்டத்தில் ஒரு கம்பியில் மேலே ஒரு மணி, அதன் மதிப்பு ஐந்து, கீழே நாலு மணி, ஒவ்வொன்றும் ஒன்று. விரலசைவை முறையாகப் பழகி, பிறகு சட்டத்தையே மனதில் கற்பனை செய்து போடுவது. நன்றாகப் பழகிய பிள்ளைகளின் வேகம் உண்மையிலேயே வியப்பாக இருக்கும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியது வேகம் இல்லை, எட்டுக்குள் ஐந்தும் மூன்றும் இருக்கிறது, பதினாலுக்குள் பத்து இருக்கிறது என்கிற பழக்கம். அதற்கு இந்த இருபது மணி போதும்.

இருபதுக்கு மேல் இது உதவாது. 52இல் 38 போனால் எவ்வளவு என்று ஒரு தடவை கேட்டபோது 26 என்றாள். எட்டில் இரண்டு போனால் ஆறு, ஐந்தில் மூன்று போனால் இரண்டு. சிறியதைப் பெரியதிலிருந்து எடுத்துவிட்டாள், நிறையப் பிள்ளைகள் செய்கிற தவறு. கடன் வாங்குவதைச் சொல்லிக் கொடுக்காமல், வெறும் கோடு ஒன்று போட்டேன், அதில் எண்ணே எதுவும் கிடையாது. இந்த முனையில் 38, அந்த முனையில் 52. 38க்கு இரண்டு கொடுத்தால் 40, அங்கிருந்து 12 போனால் 52. இரண்டும் பன்னிரண்டும் பதினாலு. சட்டத்தில் பத்தாக்கிப் பழகியதுதான் இங்கேயும் ஓடியது, அதனால் கோடு அவளுக்குக் கஷ்டமாகவே இல்லை.

தமிழில் எண் பெயர்கள் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன என்பதையும் இந்த ஆறு மாதத்தில்தான் கவனித்தேன். இருபது, முப்பது, நாற்பது என்று பேருக்குள்ளேயே பத்து ஒளிந்திருக்கிறது, முப்பத்தேழு என்றால் மூன்று பத்தும் ஏழும் என்று சொல்லாமலே விளங்குகிறது. எண்பத்தொன்பதைத் தாண்டும்போதுதான் இடறுகிறாள். நூறே வராத இடத்தில் தொண்ணூறு என்று நூறு வந்துவிடுகிறது. அங்கே மட்டும் ஒன்பது பத்து என்று சொல்லிவிட்டு அப்புறம் தொண்ணூறு என்று சொல்லச் சொல்கிறேன்.

போன வாரம் 47உம் 38உம் எவ்வளவு என்று கேட்டேன். சட்டம் அலமாரியில் இருந்தது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாப்பத்தேழுக்கு மூணு குடுத்துட்டேன், அம்பது. அங்க முப்பத்தஞ்சு. எம்பத்தஞ்சு."

இப்போது அந்தச் சட்டம் அவள் தம்பியிடம் போய்விட்டது. அவனுக்கு நாலு வயது, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு மணியாகத் தொட்டுத் தொட்டுத் தள்ளுகிறான். அவன் வயதுக்கு அதுதான் சரி, ஒரே தள்ளு விதியை அவனிடம் நான் எடுக்கவில்லை. அக்காதான், "டேய், சிவப்பு முழுசா தள்ளுடா" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.