ஏடிஹெச்டிக்கு மருந்து, தெரபி, துணை: நாலு வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

முப்பத்தைந்து வயசுக்கு மேல் ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல் சிதறும், சிலரை ஓயாமல் ஓட வைக்கும் கவனக்குறைபாடு) என்று தெரியவந்து, மருந்து, தெரபி, ஏடிஹெச்டி உள்ளவர்களின் குழு என எல்லாவற்றையும் நாலு வருஷமாகப் பயன்படுத்தி வருகிறேன். முதல் மாத உற்சாகத்தில் எழுதியவை நிறையக் கிடைக்கின்றன. "மாத்திரை போட்டேன், தலைக்குள்ள இரைச்சல் நின்னுபோச்சு" என்கிற ரகம். அது பொய் இல்லைதான், ஆனால் மூன்றாவது வருஷம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. நான் இருப்பது கோயம்புத்தூர், வேலை ஆடிட்டர் ஆபீஸில், அதனால் இதில் வரும் செலவும் அலைச்சலும் அதற்குத் தகுந்தபடிதான் இருக்கும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து வேலை செய்கிறது. சரியான ஆள் கிடைத்தால் தெரபியும் வேலை செய்கிறது. ஆனால் இரண்டையும் தேடிப் பிடித்து, மாசாமாசம் விடாமல் தொடர்வதற்கு என்னென்ன வேண்டுமோ அதெல்லாம்தான் நம்மிடம் இல்லாதது. அப்பாயின்ட்மென்ட் ஞாபகம் இருக்கணும், சீட்டு தொலையக் கூடாது, மாத்திரை தீர்வதற்கு முன்னால் கிளம்பணும், வரிசையில் பொறுமையாக உட்காரணும். கால் உடைந்தவனிடம் மாடி ஏறி வா, கட்டுப் போடுகிறேன் என்கிற கதைதான். அதனால் என்னைப் பொறுத்தவரை முதல் மருந்து இன்னொரு மனுஷர். எனக்கு அது வீட்டுக்காரர். அவர் போனில் அலாரம் அடித்து, அவர் என்னிடம் "சீட்டு எடுத்துட்டியா" என்று கேட்டால்தான் இந்தச் சிகிச்சையே ஓடுகிறது. தனியாக இருப்பவர்கள் ஒரு அக்காவையோ நண்பரையோ இதற்கென்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இனி கண்டுபிடித்த கதை. நான் முதலில் பார்த்த மனநல மருத்துவர், பேர் வேண்டாம், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிகிரி முடிச்சிருக்கீங்க, குழந்தை வளர்க்கறீங்க, வேலைக்குப் போறீங்க, உங்களுக்கு எப்படிம்மா ஏடிஹெச்டி இருக்கும் என்றார். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். சோர்வு இருந்தது உண்மைதான். இருபது வருஷமாக எல்லாவற்றையும் கடைசி நிமிஷத்தில் செய்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் சோர்வு வராது? ஜிஎஸ்டிஆர் 3பி என்கிற மாத வரிக் கணக்குக்கு 20ஆம் தேதி கடைசி என்றால் நான் 20ஆம் தேதி ராத்திரிதான் உட்காருவேன், அதுவும் அப்போது பேய் மாதிரி வேலை செய்வேன். 5ஆம் தேதி உட்காரச் சொன்னால் முடியாது. சோம்பேறி என்று பேர் வாங்கிக் கொடுப்பதும் அதுதான், "எமர்ஜென்சின்னா அவகிட்ட குடு" என்று நல்ல பேர் வாங்கிக் கொடுப்பதும் அதுதான்.

இரண்டாவது டாக்டர் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது, நெட்டில் பார்த்திருப்பீர்கள், அதை நிரப்பச் சொன்னார், ஆனால் அதோடு விடவில்லை. தைராய்டு, ஹீமோகுளோபின் பார்க்கச் சொன்னார், தூக்கம் எப்படி, பதற்றம் உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று தோண்டினார். அப்புறம் அம்மாவோடு பேசணும் என்றார். எனக்குக் கோபம்கூட வந்தது, இந்த வயசில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றால்! காரணம் இருக்கிறது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்கிற அமெரிக்க மனநலக் கையேட்டின் வரையறைப்படி, பெரியவர்களுக்கு ஒரு பிரிவில் ஐந்து அறிகுறிகளாவது இருக்கணும், அவற்றில் சில 12 வயசுக்கு முன்பே தெரிந்திருக்கணும். அதைச் சொல்ல அம்மாவை விட்டால் ஆள் ஏது? அம்மா போனில் சொன்னது அப்படியே: "புள்ள நல்லாத்தான் படிக்குமுங்க டாக்டர். ஆனா தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்து மாளாதுங்க. கூப்பிட்டா காதுலயே விழாதுங்க, காது டாக்டர்கிட்டக்கூடப் போனமுங்க." பெண் பிள்ளைகளில் ஓடி ஆடும் வகையை விடக் கவனம் சிதறும் வகை நிறைய, கிளாஸில் தொந்தரவு செய்யாததால் யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது என்று டாக்டர் அன்றைக்குத்தான் விளக்கினார். காது டாக்டர் வரைக்கும் போன என் கதையும் அதுதான்.

மருந்துக்கு வருகிறேன். முதலில் அட்டோமாக்ஸிட்டின் கொடுத்தார். இது ஊக்கி (ஸ்டிமுலன்ட்) வகை இல்லை, போட்ட அன்றே எதுவும் தெரியாது, பலன் தெரியச் சில வாரம் ஆகும். அதற்குள் வாய் வறண்டது, வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல். பலன் ஓரளவு இருந்தது, ஆனால் குமட்டல் குறையவே இல்லை. பிறகு ஊக்கி வகையான மெத்தில்ஃபெனிடேட், அதிலும் நாள் முழுக்க மெதுவாக வெளிவரும் வகை. இதைத்தான் இன்றுவரை போடுகிறேன். என்ன மாறியது என்றால், நான் புத்திசாலி ஆகவில்லை, வேலையில் ஆசையும் வரவில்லை. வேலையை ஆரம்பிப்பதற்கும் எனக்கும் நடுவில் இருந்த சுவர் கொஞ்சம் தாழ்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான் பெரிய விஷயம்.

பக்கவிளைவு உண்டு. மதியம் பசிக்காது, டப்பா சோறு அப்படியே திரும்பி வரும், ராத்திரி எட்டு மணிக்கு மருந்து இறங்கியதும் அகோரப் பசி எடுக்கும். காலையில் டிபனைச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுவது என்று பழக்கிக்கொண்டதில் அது பாதி சரியானது. ஃபில்டர் காபியோடு போட்டால் நெஞ்சு படபடக்கிறது, அதனால் காலைக் காபி போச்சு. (இதுதான் நான் கொடுத்த பெரிய விலை, எங்கள் வீட்டில் யாரும் இதை நம்புவதில்லை.) டாக்டர் ஒவ்வொரு தடவையும் பிபி, நாடி, எடை பார்க்கிறார், பார்க்காத டாக்டர் என்றால் கேளுங்கள். பீரியட்ஸுக்கு முந்தின வாரம் அதே டோஸ் பாதிதான் வேலை செய்கிற மாதிரி இருக்கும். குழுவில் வேறு பெண்களும் இதையே சொன்ன பிறகுதான் டாக்டரிடம் பேசினேன், அந்த வாரத்தில் முக்கியமான வேலைகளை வைப்பதில்லை என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

இந்த மருந்தை வாங்குவது தனிப் படலம். மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது, மயக்க மருந்து கெட்டமினும் அதே பட்டியல்தான். டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருஷம் பத்திரமாக வைத்திருக்கணும், கடைக்கும் அதற்கெனத் தனி லைசென்ஸ் வேண்டும். ஆகவே தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது, ஆப்பில் ஆர்டர் போட்டு வாங்குகிற சமாச்சாரமும் இல்லை. நான் முதன்முதலில் போன கடையில் அண்ணன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாருக்குங்க இது, பையனுக்கா?" எனக்குத்தான் என்றேன். என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு பெரிய நோட்டை எடுத்து வந்து பேர், விலாசம், டாக்டர் பதிவு எண் எல்லாம் எழுதினார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இப்போது அதே அண்ணன் "ஸ்டாக் வந்துடுச்சுங்க" என்று அவராகவே போன் செய்கிறார். சில மாதம் ஸ்டாக்கே இருக்காது. கையில் பத்து நாள் மாத்திரை இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தெரபி. இங்கேதான் பணமும் நாளும் அதிகம் போனது. முதலில் கிடைத்தவர் ரொம்ப அன்பானவர், நன்றாகக் கேட்டார், நான் அழுதேன், டைரி எழுதச் சொன்னார், தினமும் இலக்கு எழுதச் சொன்னார், வெளியே வரும்போது மனசு லேசாக இருந்தது, வீட்டுக்கு வந்தால் டைரி எங்கே என்று தெரியாது. ஏடிஹெச்டி ஆராய்ச்சியில் பேர் பெற்ற ரஸ்ஸல் பார்க்லி அடிக்கடி சொல்லும் விஷயம் ஒன்று உண்டு: இது என்ன செய்யணும் என்று தெரியாத பிரச்சினை இல்லை, தெரிந்ததைச் செய்ய முடியாத பிரச்சினை. அறிவுரை சொல்லும் தெரபி இதனால்தான் நமக்கு ஒட்டுவதில்லை. என்ன செய்யணும் என்று நமக்கே பத்துப் பேருக்குப் பாடம் எடுக்கிற அளவு தெரியும்.

இரண்டாவதாகப் போனது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஆர்சிஐ பதிவு உள்ளவர். (கவுன்சிலர், கோச் என்று யார் யாரோ போர்டு வைத்திருக்கிறார்கள், ஆகவே இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் உண்டா என்று கேட்பது தப்பே இல்லை.) அவர் முதல் நாளே கேட்டது, கடைசியாக எந்த வேலையைச் செய்ய முடியாமல் பாதியில் விட்டீங்க என்றுதான். இபி பில் என்றேன். கையில் பணம் இருந்தும் நான் கட்டாததால் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போயிருந்தார்கள், அந்த வாரம்தான். எந்த இடத்தில் நின்னுச்சு, ஒவ்வொரு அடியாகச் சொல்லுங்க என்றார். போனை எடுத்தேன், இணைப்பு எண் வேணும்னு கேட்டுச்சு, வெள்ளை அட்டை பீரோவில் இருக்கு, பீரோ சாவி தேடப் போனேன், வழியில் துணி காயப் போடாதது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். "சரி, அப்ப பிரச்சினை பில் இல்லை, அந்தப் பன்னிரண்டு இலக்க நம்பர்தான்" என்றார். அங்கேயே உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போட்டு, அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, போனில் மேலே பின் செய்து வைத்தோம், பில்லையும் அங்கேயே கட்டினேன். அமர்வு முடிந்தது. ஒரு அமர்வுக்கு 1500 ரூபாய், இபி பில் கட்டவா என்று அம்மா கேட்டார். ஆமாம், அதுக்குத்தான். சிபிடியை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பார்க்கும் தெரபி) ஏடிஹெச்டிக்குத் தகுந்த மாதிரி மாற்றிச் செய்வது என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: வேலை எங்கே அறுகிறது என்று பார்த்து அந்த இடத்தில் ஒரு முட்டுக் கொடுப்பது. இதோடு, "எனக்கு எதுவும் உருப்படாது" என்று உள்ளே ஓடும் பேச்சையும் எடுத்துப் பார்ப்போம், ஆனால் முட்டுக் கொடுத்த பிறகு அந்தப் பேச்சு தானாகவே பாதி குறைந்தது. ஆரம்பத்தில் வாராவாரம் போனேன், இப்போது ஏதாவது குலைந்தால் மட்டும்.

குழுக்களில் பெரியவற்றை விட்டுவிட்டேன். காலையில் கண் விழித்தால் நூற்றுக்கணக்கில் மெசேஜ், பாதி மீம்ஸ், மீதி யாரோ ஒரு கோச்சின் கோர்ஸ் விளம்பரம். நிலைத்தது சின்ன ஒன்று. திருச்சியில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், நான். ராத்திரி வீடியோ கால் போட்டு, இன்னைக்கு இதைச் செய்யப் போறேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டு மைக்கை அணைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். ஒருத்தி பாத்திரம் தேய்ப்பாள், நான் ரசீது அடுக்குவேன். இன்னொரு ஆள் கண்ணெதிரே இருந்தால் வேலை ஓடுகிறது, ஏன் என்று கேட்டால் எனக்கு விளக்கத் தெரியாது. செலவே இல்லாத இது, பணம் கொடுத்து வாங்கிய எல்லா பிளானர் ஆப்பையும் விட நாள்பட உழைக்கிறது.

பணம் பற்றி. 2017 மனநலச் சட்டம் காப்பீட்டில் மனநோய்க்கும் உடல்நோய்க்கும் வித்தியாசம் பார்க்கக் கூடாது என்கிறது, ஆனால் சாதாரண பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும், நம் செலவெல்லாம் ஓபியும் தெரபியும், ஆகவே கைக்காசுதான். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஹெச்டி இல்லை. ஆபீஸில் சட்டத்தைக் காட்டி எதுவும் கேட்க முடியாது என்பதால் நான் சொல்லவே இல்லை. "வாயால சொல்லாதீங்க சார், மெயில்ல போட்ருங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன், காரணம் கேட்காமல் செய்கிறார்கள்.

தனியாருக்குக் கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை, பெங்களூரில் நிம்ஹான்ஸ். கூட்டம் இருக்கும், கூட ஆள் வைத்துக்கொண்டு போங்கள். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 14416க்குப் போன் செய்யலாம், 2022 அக்டோபரில் வந்த, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவை, தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் இலவசம். வாராவார தெரபி அதில் எதிர்பார்க்காதீர்கள், வழி கேட்க நல்லது.

குழந்தைக்கு மருந்து ஆரம்பிக்கலாமா என்று சிலர் தனியாகக் கேட்கிறார்கள். எனக்கு அதில் அனுபவம் இல்லை, குழந்தை மனநல மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது பழைய ரேங்க் கார்டு, டீச்சர் எழுதிய குறிப்பு ஏதாவது இருந்தால் கொண்டு போங்கள், பெரியவர்களாக இருந்தாலும் கொண்டு போங்கள்.