ஷிவரா, ட்ரெம்பிளா?

ஆங்கிலத்தில் shiver, tremble இரண்டும் நடுக்கம்தான். ஆனால் 'ஷிவர்' பெரும்பாலும் குளிருக்கு உரியது. காய்ச்சல் ஏறும்போது வருவதும் அதுவே. தசைகள் வேகமாகச் சுருங்கி விரிந்து உடம்புக்குச் சூடு உண்டாக்கும் வேலை. பயத்திலும் ஷிவர் வரலாம், முதுகுத்தண்டில் சட்டென்று ஒரு சிலிர்ப்பாக.

'ட்ரெம்பிள்' கோபம், பயம், பலவீனம் இவற்றின் பக்கம். இதன் புழக்கம் பெரியது. கை, உதடு, குரல், காலடியில் பூமி என எல்லாம் ட்ரெம்பிள் ஆகும். குரலுக்கு ஷிவர் போட்டால் உறுத்தும். லேசான காற்றுக்கே படபடக்கும் ஆஸ்பென் மரத்து இலைகளுக்கும் ட்ரெம்பிள்தான் (காம்பு தட்டையாக இருப்பதால் அந்த ஆட்டம்). ஆத்திரத்தில் நடுங்குபவரை 'ஷிவர்' என்று எழுதினால், வாசிப்பவர் அவருக்குப் போர்வை தேடுவார்.

சரி, அருவருப்பில் உடம்பு ஒருமுறை உதறிப்போட்டால்? அதற்கு 'ஷடர்' (shudder).